பிறந்த மண்ணை மறவாத மரங்கள்

பிழைப்பின் பொருட்டு வடபுலத்தில் குடியேறிய நம்மவருள், சிம்லாவிலோ முசூரியிலோ ஸ்ரீநகரிலோ ஒரு மார்கழியேனும் கழித்தவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆப்பிளும் அக்ரூட்டும் இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளைகளாய் நிற்கும். அவற்றின் அருகே தேவதாருவும் பைனும், கோடையில் எவ்வாறு நின்றனவோ அவ்வாறே பசுமை குன்றாமல், தோள்களில் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும். வெயிலுக்குப் பழகிய கண்களுக்கு இது விந்தையே. இம்மரங்களைக் குளிர் ஏன் தீண்டவில்லை என்று வினவினால் கிடைக்கும் விடை சுருக்கமானது: அவை குளிர்நாட்டு மரங்கள், குளிரைத் தாங்குவது அவற்றின் பிறவிக்குணம்.

இவ்விடை பாதி உண்மை. மறுபாதியை அறிந்துகொள்ள ஐரோப்பிய நாடுகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பல்லாயிரம் ஏக்கர் காடுகளும் அதற்கு விலையாயின. அந்த வரலாற்றையே நாம் இங்குக் காண இருக்கின்றோம்.

மறுபாதி உண்மை இரண்டு கூறுகளை உடையது. முதலாவது, குளிரைத் தாங்கும் ஆற்றல் மரத்திடம் எப்போதும் இருப்பதன்று. ஜனவரித் திங்களில் சுழிக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தளராது நிற்கும் பைன் மரம், ஜூலைத் திங்களில் அதன் நான்கில் ஒரு பங்கு உறைகுளிர் ஓரிரவு வந்து தாக்கினாலும் கருகிவிடும். (பாகை என்று நாம் கூறுவது எங்கும் சென்டிகிரேடு அளவையே.) இரண்டாவது, ஓரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மரங்கள், கண்ணுக்கு எவ்வித வேற்றுமையும் தோன்றாதவை, அருகருகே ஒரே மண்ணில் நின்றாலும், அவற்றின் வித்துகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பொறுத்து ஒன்று பிழைக்கும், மற்றொன்று மாளும்.

இந்த இரண்டாவது செய்தியே முதலில் மக்கள் கருத்தைக் கவர்ந்தது. அதற்குக் காரணம் குளிரன்று, கப்பல். பாய்மரக் கப்பல்கள் கடலை ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில் நேரிய நெடிய பாய்மரத் தண்டு கிடைப்பது அரசுகளுக்கு உயிர்நாடியாக இருந்தது. பால்டிக் கடற்கரையிலுள்ள ரீகா துறைமுகத்திலிருந்து வந்த ஸ்காட்ஸ் பைன் தண்டுகளுக்கு இணையில்லை என்று யாவரும் கருதினர். அதே ஸ்காட்ஸ் பைன் பிரான்சு நாட்டிலும் வளர்ந்தது. ஆனால் கோணலாக வளர்ந்தது. இதற்கு மண் காரணமா, வித்து காரணமா என்ற ஐயம் பிரெஞ்சுக் கடற்படையின் மேற்பார்வையாளராக இருந்த துயாமெல் துய் மோன்சோ என்பவருக்கு எழுந்தது. அவர் பால்டிக் நாடுகளிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வித்துகளைத் தருவித்து வளர்த்துப் பார்த்தார். அடுத்த நூற்றாண்டில் வில்மொரேன் என்னும் விதை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1821-இல் லே பார் என்ற பண்ணையை வாங்கி, அங்கே பல நாட்டு ஸ்காட்ஸ் பைன்களை வரிசை வரிசையாக நட்டு, 1862-இல் தாம் மறையும் வரை அவற்றைக் கவனித்து வந்தார். நாற்பது ஆண்டுகள் ஒரே மண்ணில், ஒரே மழையில் நின்றும் அவை ஒன்றுபோல் ஆகவில்லை. ரீகா வித்து நேராகவே வளர்ந்தது. பிறந்த இடத்தின் இயல்பை மரம் வித்தோடு கொண்டுவருகின்றது என்பது ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தது.

தெரிந்தும் என்ன? விதை வாங்குவோர் அறிஞர்களின் நூல்களைப் புரட்டிவிட்டா கடைக்குச் செல்கின்றனர்? 19-ஆம் நூற்றாண்டில் பைன் காய்களைச் சூளைகளில் உலர்த்தி வித்தெடுக்கும் தொழில் ஜெர்மனியில் பெருகிற்று. டார்ம்ஸ்டாட் நகரம் அதற்குப் பெயர்பெற்ற மையம். அங்கிருந்து மலிவு விலையில் மூட்டை மூட்டையாக வித்துகள் ஸ்வீடனுக்கும் பால்டிக் நாடுகளுக்கும் சென்றன. பைன் என்றால் பைன்தானே என்று எண்ணி வாங்கினர். கன்றுகள் முதலில் நன்றாகவே கிளம்பின. சில இடங்களில் உள்ளூர்க் கன்றுகளைவிட விரைவாகவும் வளர்ந்தன. பின்னர் நுனிகள் கருகின, நோய் பற்றிற்று, தப்பியவை கோணி வளைந்தன. "டார்ம்ஸ்டாட் பைன்" என்பது அந்நாடுகளின் வனத்துறையில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இதன்பின் ஸ்வீடன் நாட்டார் செய்த ஆராய்ச்சி இத்துறையிலேயே தலைசிறந்தது என்று கூறலாம். ஓலோஃப் லாங்லெட் என்ற அறிஞர் 582 இடங்களைச் சேர்ந்த ஸ்காட்ஸ் பைன் வித்துகளை ஆராய்ந்து 1936-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை வியக்கத்தக்க எளிமை உடையது. ஒரே நாற்றங்காலில் வளர்ந்த கன்றுகளின் ஊசியிலைகளை இலையுதிர்காலத்தில் பறித்து, எடைபோட்டு, உலர்த்தி, மீண்டும் எடைபோட்டார். நீர் போக எஞ்சும் உலர்பொருள் எவ்வளவு என்பதே கணக்கு. வடகோடியிலிருந்து வந்த கன்றுகளில் உலர்பொருள் மிகுதி. தெற்கே செல்லச் செல்லக் குறைவு. அதாவது, வடபுலத்துக் கன்று அக்காலத்தில் தன் நீர்ப்பங்கைக் குறைத்துக்கொண்டு குளிருக்கு ஆயத்தமாகிவிட்டது. தென்புலத்துக் கன்று இன்னும் கோடை நினைவிலேயே நிற்கின்றது. இதில் நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. இந்த வேற்றுமை படிப்படியாக, இடைவெளியின்றி மாறிக்கொண்டே செல்கின்றது. இவ்விடம் வரை வடக்கு வகை, இதற்கப்பால் தெற்கு வகை என்று ஒரு கோடு கிழிக்க இயலாது என்பதை லாங்லெட் நிலைநாட்டினார். மொழியின் வட்டார வழக்குகளும் அவ்வாறே அல்லவா?

மரம் உறைகுளிரில் எவ்வாறு சாகின்றது, எவ்வாறு பிழைக்கின்றது என்பதை ஆராய்ச்சிக்கூடத்தார் இதற்கிடையே தனியாகத் தேடிக்கொண்டிருந்தனர். நீர் நிரம்பிய போத்தல் உறைந்தால் வெடிப்பதுபோலச் செடியின் உயிரணுக்களும் பனிக்கட்டியால் வெடித்துச் சாகின்றன என்பது பழைய நம்பிக்கை. ஜெர்மானியர் கோப்பெர்ட் 1830-இலேயே இத்துறையில் விரிவான நூல் எழுதினார். 1880-களில் முல்லர்-துர்காவ் என்பவர், பனிக்கட்டி பெரும்பாலும் உயிரணுவின் உள்ளே தோன்றுவதில்லை, அணுக்களுக்கு இடையேயுள்ள வெளிகளிலேயே தோன்றுகின்றது என்று எடுத்துக்காட்டினார். ஹான்ஸ் மோலிஷ் என்பவர் உருப்பெருக்கியையே குளிர்ப்பெட்டிக்குள் வைத்துச் செடி உறைவதைக் கண்ணாரக் கண்டு 1897-இல் எழுதினார். இந்த மோலிஷ் பிற்காலத்தில் நம் நாட்டிற்கு வந்து, கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் சில திங்கள் பணியாற்றி, இந்திய அனுபவங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார் என்பதை வங்கத்தில் வாழும் நம் நேயர்கள் அறிந்து மகிழலாம்.

இவர்கள் கண்ட உண்மை இது. அணுக்களுக்கு வெளியே தோன்றும் பனிக்கட்டி, அணுக்களுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வளர்கின்றது. நீரிழந்த அணு சுருங்குகின்றது. ஆகவே உறைகுளிரால் சாவது என்பது ஒருவகையில் வறட்சியால் சாவதே. நம் வீட்டு மொட்டைமாடியில் வெயில் செய்யும் வேலையை அங்கே பனி செய்கின்றது. கத்தரிக்காய் வற்றலாவதுபோல அணு வற்றுகின்றது. குளிர் தாங்கும் மரம் என்பது, வற்றலாகியும் சாகாமல், நீர் திரும்பியதும் மீண்டும் காயாகிவிடும் மரம். அதற்குத் துணை செய்வனவற்றுள் ஒன்று சர்க்கரை. பசுமை மாறாச் செடிகளின் இலைகளிலுள்ள மாப்பொருள் குளிர்காலத்தில் மறைந்து சர்க்கரையாக மாறிவிடுகின்றது என்று ஸ்வீடன் நாட்டு லிட்ஃபோர்ஸ் 1907-இல் விளக்கினார். அணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வும் குளிர்காலத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு நெகிழ்வுடன் இருக்கின்றது என்பது பின்னர்த் தெரிந்தது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்து அறிஞர்கள் இதை ஆண்டு முழுவதும் அளந்தனர். ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் வளரக்கூடிய இறுதி எல்லையிலிருந்து கிளைகளை வெட்டிவந்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, எத்தனை பாகையில் சேதம் தோன்றுகின்றது என்று பருவந்தோறும் குறித்தனர். உல்மர் என்பவர் 1937-இல் வெளியிட்ட ஆய்வும், பீசெக் என்பவர் துணைவர் ஒருவருடன் 1947-இல் வெளியிட்ட ஆய்வும் ஒரு மலையின் உருவத்தைத் தலைகீழாக வரைந்து காட்டின. கோடையில் சில பாகை உறைகுளிருக்கே தோற்கும் அந்த ஊசியிலைகள், இலையுதிர்காலத்தில் படிப்படியாக ஆற்றல் பெற்று, ஜனவரியில் சுழிக்குக் கீழே 40 பாகையளவும் தாங்கி, இளவேனிலில் விரைவாக அந்த ஆற்றலை இழந்துவிடுகின்றன. ஏறும் பொழுது நிதானம்; இறங்கும் பொழுது அவசரம். ஜப்பானின் சப்போரோ நகரத்து சகாய் இன்னும் ஒரு படி சென்றார். முற்றிய குளிர்காலத்துக் குச்சிகளை முதலில் மெல்ல மெல்ல உறையவைத்து, அதன்பின் சுழிக்குக் கீழே 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் ஆழ்த்தி எடுத்தார். அவை உயிரோடு இருந்தன! 1960-இல் வெளிவந்த இச்செய்தி அறிவியல் உலகையே வியப்பில் ஆழ்த்திற்று. அதே குச்சியைக் கோடையில் வெட்டி இவ்வாறு செய்தால் எஞ்சுவது விறகே.

குளிர் வருமுன்னரே மரம் ஆயத்தமாகிவிடுகின்றது என்றோமே, வரப்போவதை அது எவ்வாறு அறிகின்றது? காற்றின் சில்லிப்பை நம்பினால் ஏமாற நேரிடும். செப்டம்பரில் ஓராண்டு வெயில் அடிக்கும். ஓராண்டு பனி பெய்யும். ஆண்டுதோறும் தவறாதது ஒன்றே, பகலின் நீளம். இரவு ஒரு குறிப்பிட்ட அளவிற்கு நீண்டதும் மரம் வளர்ச்சியை நிறுத்திக் குருத்தை மூடிக்கொள்கின்றது. இது முதற்கட்டம். அதன்மேல் மெய்யான குளிர் பட்டால்தான் முழுப் பக்குவம் வருகின்றது, இது இரண்டாங்கட்டம். 1970-இல் அமெரிக்க அறிஞர் வைசர் இவ்விரு கட்டங்களையும் தெளிவாகத் தொகுத்து எழுதினார்.

டார்ம்ஸ்டாட் பைனின் புதிர் இங்கேதான் அவிழ்கின்றது. எவ்வளவு நீண்ட இரவு "போதும், நிறுத்து" என்று பொருள்படும் என்பது ஒவ்வோர் ஊர் மரத்திற்கும் வேறு. ஸ்வீடனின் வடகோடியில் நடுக்கோடையில் சூரியன் மறைவதே இல்லை. அங்குப் பிறந்த மரம், சிறிது நேரம் இருட்டினாலே கோடை முடிந்தது என்று கொள்ளும். அதைத் தெற்கே கொண்டுவந்தால் நல்ல கோடையிலேயே வளர்ச்சியை நிறுத்தி, குட்டையாய் நிற்கும், ஆனால் சாகாது. தெற்கு மரத்தை வடக்கே கொண்டுசென்றாலோ, அது எதிர்பார்க்கும் நீண்ட இரவு வெகுநாள் கழித்தே வருவதால் செப்டம்பர் வரை இளந்தளிரோடு நின்று முதற்பனிக்கே இரையாகிவிடும். நாட்காட்டி மரத்திற்குள் இருக்கின்றது; அது பிறந்த ஊரில் அச்சிட்ட நாட்காட்டி. ஸ்வீடனின் வடபகுதியில் 1950-களின் தொடக்கத்தில் ஐஷே என்பவர் நட்ட சோதனைக் காடுகளில் குளிர்ச்சேதத்தையும் சாவையும் கணக்கிட்டு 1966-இல் வெளியிட்டார். கடுங்குளிர் நிலங்களில் உள்ளூர் வித்தைவிடச் சற்று வடக்கிலிருந்து வந்த வித்தே மிகுதியாகப் பிழைக்கின்றது என்பது அத்தகைய சோதனைகளால் வனத்துறையார் கற்ற பாடம்.

அப்படியானால் மிகக் கொடிய குளிர்நாட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தால் எங்கும் அச்சமில்லையே என்று கேட்கத் தோன்றும். சைபீரிய லார்ச் மரம் அதற்கு விடை. தன் நாட்டில் சுழிக்குக் கீழே 50 பாகையையும் பொருட்படுத்தாத அம்மரம், மென்குளிர் நாடான இங்கிலாந்தில் நட்டபோது பனியால் வருந்திற்று. துயில் கொள்வதைப் பகலின் நீளம் தீர்மானித்தாலும், விழிப்பதைப் பெரும்பாலும் வெப்பமே தீர்மானிக்கின்றது. சைபீரியாவில் ஒருமுறை பனி இளகினால் இளவேனில் வந்துவிட்டது என்றே பொருள். அங்கே வானிலை பொய் சொல்லுவதில்லை. இங்கிலாந்தில் பிப்ரவரியில் நான்கு நாள் இதமாக இருக்கும்; ஏப்ரலில் மீண்டும் உறையும். முதல் இதத்தை நம்பித் துளிர்விட்ட சைபீரிய மரம் பின்வந்த பனியில் கருகும்.

நம் நாட்டு மரம் ஒன்றின் கதையும் இதில் உண்டு. 1831-இல் இமயத்துத் தேவதாருவின் வித்துகள் இங்கிலாந்து சென்றன. அதன் அழகில் மயங்கியும், கப்பல் கட்டும் மரமாகும் என்று நம்பியும் ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கில் நட்டனர். 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கிய கடுங்குளிரில் பல தோட்டங்களில் தேவதாருக்கள் கருகின. பனிமலை மரம் என்று நம்பினோமே என்று பலரும் மனம் நொந்தனர். ஆனால் தேவதாரு ஆப்கானிஸ்தானத்தின் வறண்ட மலைகளிலிருந்து நேபாளத்தின் மேற்கெல்லை வரை பரந்து கிடக்கின்றது. எம்மலைச்சரிவில், எவ்வுயரத்தில் எடுத்த வித்து என்பதே வினா. பின்னர் 1964-இல் காஷ்மீரின் ஷாலிமார் தோட்டத்தில் எடுத்த வித்துகள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரையடுத்த அர்னால்டு மரத்தோட்டத்தில் முளைத்தன. தேவதாரு நிலைக்காது என்று கருதப்பட்ட அக்குளிரில் அவற்றுள் ஒன்று நின்று நிலைத்தது. இன்று "ஷாலிமார்" என்ற பெயராலேயே அதன் வழிவந்த கன்றுகள் அந்நாட்டில் விற்கப்படுகின்றன.

பிறப்பிடம் என்பது குருதி வழி வருவது மட்டுந்தானா என்ற கேள்வியை நார்வே நாட்டார் எழுப்பினர். நார்வேயின் வடபகுதியில் ஸ்ப்ரூஸ் மரங்களில் வித்து நன்கு முற்றுவதில்லை, கோடை போதாது. ஆகவே வடக்கு மரங்களின் ஒட்டுக்கன்றுகளைத் தெற்கே நட்டு, அங்கே வித்தெடுத்து, மீண்டும் வடக்கே அனுப்பலாம் என்று திட்டமிட்டனர். தாயும் வடக்கு, தந்தையும் வடக்கு. ஆயினும் பிள்ளைகள் வடக்கு மரங்களைப்போல நடந்துகொள்ளவில்லை. தெற்கு மரங்களைப்போலக் காலந்தாழ்த்திக் குருத்தை மூடின; இலையுதிர்காலப் பனிக்கு எளிதில் ஆட்பட்டன. ஜான்சன், ஸ்க்ரோப்பா ஆகிய ஆராய்ச்சியாளர் பல்லாண்டு ஆய்ந்து, வித்துக்குள் கரு உருவாகும் நாட்களில் தாய்மரத்தைச் சூழ்ந்த வெப்பம் அக்கருவில் ஒரு பதிவை விட்டுச்செல்கின்றது என்றும், அப்பதிவு மரத்தின் பிற்கால வாழ்விலும் நீடிக்கின்றது என்றும் காட்டினர். வெப்பமான இடத்தில் கருவாகும் வித்து, பெற்றோர் யாராயினும், வெப்ப நாட்டு நாட்காட்டியைச் சற்றேனும் ஏற்றுக்கொள்கின்றது.

இத்தனையும் தெரிந்த 20-ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் தென்மேற்கே லாண்ட் பகுதியில் நிகழ்ந்ததை நாம் சற்று விரிவாகவே கூறவேண்டும். அது ஒருகாலத்தில் சதுப்பு நிலம். ஆட்டிடையர்கள் நம் பழைய மரக்கால் கூத்தரைப்போல உயர்ந்த கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு நடந்து மந்தைகளை மேய்த்தனர். 1857-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நீரை வடித்து, கடற்கரைப் பைன் என்னும் மரத்தை எங்கும் வளர்த்தனர். மேற்கு ஐரோப்பாவிலேயே பெருங்காடு அங்கு உருவாயிற்று. 1949 ஆகஸ்டில் அக்காட்டில் பெருந்தீ மூண்டது. ஏறத்தாழ 50,000 ஹெக்டேர் எரிந்தது. தீயணைக்கச் சென்றோர் 82 பேர் மாண்டனர்.

எரிந்த நிலத்தை மீண்டும் காடாக்க வித்து வேண்டும், பெருமளவில் வேண்டும், உடனே வேண்டும். உள்ளூர் வித்து போதவில்லை. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து, குறிப்பாகப் போர்ச்சுகலிலிருந்து, அதே கடற்கரைப் பைனின் வித்துகள் வந்தன. அதே இனம், அதே உருவம். விதைத்தனர், முளைத்தது, செழித்தது. துயருற்ற மக்கள் மீண்டும் பசுமையைக் கண்டபோது வித்தின் ஊரை விசாரிக்கும் மனநிலையில் இருந்திருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பது முறையாகாது. ஆண்டுகள் கடந்தன. அக்காட்டை உடையவர்களில் பலருக்குத் தம் மரங்களுள் எவை உள்ளூர், எவை போர்ச்சுகல் என்பதே தெரியாமற் போயிற்று.

1985 ஜனவரியில் குளிர் வந்தது. சுழிக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை. ஸ்வீடன் நாட்டாருக்கு அது ஒரு பொருட்டன்று. லாண்ட் வித்தில் வந்த மரங்களும் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. போர்ச்சுகல் வித்தில் வந்தவை மாண்டன. ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் அழிந்தது என்பது கணக்கு. ஒரே காட்டில், ஒரே இரவுகளில், இந்தத் தோப்பு பிழைத்தது, அந்தத் தோப்பு மடிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் கேளாத கேள்வியைக் குளிர் கேட்டுவிட்டது. வெட்டி விற்கச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்த மரங்கள் அவை என்பதை எண்ணும்போது, அவற்றைப் பிள்ளைகளின் முதலாகக் கருதி வளர்த்த குடும்பங்களின் நிலை நமக்கு விளங்கும்.

அதன்பின் போர்தோ நகரத்து ஆராய்ச்சியாளர் மரப்பிசினின் வேதிக்கூறுகளைக் கொண்டு போர்ச்சுகல் வழி எது, லாண்ட் வழி எது என்று பிரித்தறியும் முறையைப் பயன்படுத்தினர். மணம் அறிந்து பிறப்பறியும் வித்தை என்றே இதைக் கூறலாம். காட்டு வித்துகளை விற்போர் அவற்றின் பிறப்பிடத்தைக் குறித்தே விற்கவேண்டும் என்ற விதி ஐரோப்பியக் கூட்டமைப்பில் 1966-இலேயே தோன்றி, 1999-இல் திருத்தி அமைக்கப்பட்டது. மூட்டையின்மேல் ஒரு சீட்டு. டார்ம்ஸ்டாட் காலத்தில் அச்சீட்டு இருந்திருந்தால் எவ்வளவோ மரங்கள் தப்பியிருக்கும்.

ஆனால் இன்று அச்சீட்டைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் வந்துள்ளது. உலகம் வெப்பமாகிக்கொண்டு வருகின்றது. உள்ளூர் வித்தே சிறந்தது என்ற பழைய விதி, உள்ளூரின் தட்பவெப்பம் மாறாதிருக்கும் வரைதான் செல்லும். இன்று நடும் கன்று எண்பது ஆண்டு நிற்கவேண்டும். அது முதிரும்போது நிலவப்போகும் வெப்பத்திற்கு ஏற்ற வித்து தெற்கே இருக்கின்றது. ஆனால் தெற்கு வித்தை இன்றே நட்டால், இடையில் ஒரு 1985 வந்தால் என் செய்வது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இவ்வினாவிற்கு விடை தேட 2009-இல் ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கிற்று. வடக்கே யூகான் முதல் தெற்கே கலிபோர்னியா வரை 48 இடங்களில், 15 வகை மரங்களை, பல ஊர் வித்துகளிலிருந்து வளர்த்து நட்டிருக்கின்றனர். 2018 முதல், வித்துகளைத் தேர்ந்தெடுக்கையில் வரைபடத்தின் எல்லைகளை விட்டுத் தட்பவெப்பத்தையே அளவுகோலாகக் கொள்ளும் முறைக்கும் அம்மாநிலம் மாறத்தொடங்கிற்று. அச்சோதனையின் முதற்கன்றுகள், லாண்டில் போர்ச்சுகல் மரங்கள் வீழ்ந்த அந்த வயதை எட்டுவது 2045-ஆம் ஆண்டை ஒட்டித்தான்.